வெந்நீருக்கு ஹீட் பம்பா, கேஸா? வேலூர் வீட்டுக்கும் விடுதிக்கும் ஒரு செலவுக் கணக்கு

வெயிலூர் என்று பெயரெடுத்த ஊரில் வெந்நீர்ச் செலவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மார்கழி விடியலில் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ குளியலறைக் குழாயைத் திறந்தவர் அப்படிக் கேட்க மாட்டார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் லாட்ஜ் நடத்துபவரும் கேட்க மாட்டார். அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் நோயாளிக்கும், வங்காளத்திலிருந்து உடன் வந்த உறவினருக்கும் சித்திரையிலும் வெந்நீர் வேண்டும். விறகு பாய்லர், கேஸ் கீசர், எலெக்ட்ரிக் கீசர், சூரிய வெந்நீர்க் கலன் என்று இருந்த வரிசையில் இப்போது ஹீட் பம்பும் சேர்ந்துவிட்டது. விற்க வருபவர்கள் மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்கிறார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு, அந்த மிச்சம் உங்கள் வீட்டில் ஆண்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்களுக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஒரு மின் கட்டண ரசீது, ஒரு சிலிண்டர் ரசீது, ஒரு பக்கெட், முடிந்தால் ஒரு வெப்பமானி ஆகியவை கையில் இருந்தால் போதும்.

கருவி என்ன செய்கிறது

எலெக்ட்ரிக் கீசர் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்க வழியே இல்லை. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை இழுத்து நீருக்குள் தள்ளுகிறது. வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுவதைப் போன்ற வேலைதான் இது. இங்கே பின்பக்கம் வரும் சூட்டைத் தண்ணீர்த் தொட்டி வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசரும் விசிறியும் ஓடுவதற்கு மட்டுமே மின்சாரம் செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் வெப்பம் நீரில் சேர்கிறது. இந்த மடங்கைத்தான் விற்பனையாளர்கள் சி.ஓ.பி. என்கிறார்கள். காற்று சூடாக இருந்தால் சி.ஓ.பி. ஏறும், நீரை எவ்வளவு அதிகமாகச் சூடாக்கச் சொல்கிறோமோ அவ்வளவு இறங்கும். ஆகவே ஐரோப்பியக் குளிரில் திணறும் இதே கருவி, விடியற்காலையிலும் காற்று 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் வேலூரில் இயல்பாகவே நன்றாக வேலை செய்கிறது.

முதல் படி: கேஸின் விலையை யூனிட் கணக்குக்கு மாற்றுதல்

சிலிண்டரைக் கிலோவிலும் மின்சாரத்தை யூனிட்டிலும் வாங்குவதால்தான் இரண்டையும் ஒப்பிட முடியாமல் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 12.7 யூனிட் வெப்பம் தரும். அப்படியானால் 14.2 கிலோ எடையுள்ள வீட்டுச் சிலிண்டருக்குள் இருப்பது ஏறத்தாழ 180 யூனிட். 2025 ஏப்ரலில் சென்னையில் அதன் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. கொண்டுவந்து தருபவருக்குக் கொடுப்பதையும் சேர்த்து 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் வெப்பம் 5 ரூபாய்க்கு வருகிறது. உங்கள் ரசீதில் வேறு தொகை இருந்தால் அதை 180-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எரிந்த வெப்பம் எல்லாம் தண்ணீருக்குப் போய்ச் சேர்வதில்லை. கேஸ் கீசரில் நூற்றுக்கு 80 பங்கு சேர்ந்தால் நல்லது. மிச்சம் புகையோடு மேலே போய்விடுகிறது. ஆகவே நீரில் சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு உண்மையான விலை 6 ரூபாய் 25 காசு. அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சுபவர்களின் நிலை இன்னும் மோசம். தரமான அடுப்புக்குச் சோதனைச் சாலையில் கேட்கப்படும் திறனே 68 சதவீதம்தான். மூடி போடாத அண்டாவும், பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும் தீயும் அதையும் குறைத்துவிடும். அப்போது ஒரு யூனிட் வெப்பம் 8 ரூபாயைத் தொடுவது வெகு சாதாரணம்.

விடுதிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவர்கள் 19 கிலோ சிலிண்டரை வைத்தே கணக்கிட வேண்டும். அதன் விலை மாதத்தின் முதல் தேதியில் மாறக்கூடியது. 1,900 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், உள்ளிருக்கும் 241 யூனிட்டில் 80 சதவீதம் நீருக்குப் போக, ஒரு யூனிட் வெப்பம் 9 ரூபாய் 85 காசுக்கு வந்து நிற்கிறது.

இரண்டாம் படி: உங்கள் கடைசி யூனிட் என்ன விலை

மிகப் பலர் தவறவிடும் இடம் இது. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, எங்கள் வீட்டில் ஒரு யூனிட் இன்ன விலை என்று எடுத்துக்கொண்டால் விடை பிசகிவிடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஏறிக்கொண்டே போகும் அடுக்குகளில் கணக்கிடப்படுகிறது. புதிதாகச் சேரும் வெந்நீர்க் கருவி இழுக்கும் யூனிட்டுகள் அடியில் இருக்கும் இலவச 100 யூனிட்டில் போய்ச் சேர்வதில்லை. விளக்கும் விசிறியும் ஃபிரிட்ஜும் அதை முன்னமே தின்றுவிட்டன. புதிய யூனிட்டுகள் உச்சியில்தான் ஏறி உட்காரும். ஆகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசி யூனிட்டின் விலை.

2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தின்படி 400 யூனிட் வரை ஒரு யூனிட் 4 ரூபாய் 80 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 45 காசு, 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 70 காசு, அதற்கு மேல் 11 ரூபாய் 80 காசு. இவற்றோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குத் தரப்படும் சலுகை, 500-ஐத் தாண்டிய உடனே போய்விடுகிறது. 480 யூனிட்டில் நிற்கும் வீடு கீசரால் 520-க்குப் போனால் கூடுவது அந்த 40 யூனிட்டின் விலை மட்டுமல்ல. மீட்டர் கணக்கெடுப்பவர் எழுதிவைத்துப் போகும் வெள்ளை அட்டையிலிருந்து மார்கழி, தை மாதங்களை உள்ளடக்கிய ரீடிங்கையும், அதற்கு முந்தைய ரீடிங்கையும் ஒரு தாளில் எழுதி, நீங்கள் எந்த அடுக்கில் நிற்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் அதற்குப் பின் மாறியிருந்தால் புதிய விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் முறை மாறாது.

மூன்றாம் படி: மூன்றால் வகுத்தல்

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சி.ஓ.பி. 4 என்றோ 4.2 என்றோ இருக்கலாம். அதை அப்படியே நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அது குறிப்பிட்ட காற்று வெப்பத்திலும் நீர் வெப்பத்திலும் அளந்த எண். தொட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் கசியும் சூடு அதில் சேராது. இரவு முழுவதும் நிற்கும் வெந்நீர் ஆறும், மறுபடி சூடாக்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்து, நம் ஊருக்கு 3 என்று வைத்துக்கொள்வது நிதானமான கணக்கு. சில வீடுகளில் இதைவிட நன்றாகவே வரும். ஆனால் செலவுக் கணக்கில் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே நல்லது.

அப்படி வகுத்தால் 4 ரூபாய் 80 காசு அடுக்கில் இருப்பவருக்கு ஹீட் பம்ப் வெப்பம் யூனிட்டுக்கு 1 ரூபாய் 60 காசு. 6.45 அடுக்கில் 2 ரூபாய் 15 காசு, 8.55 அடுக்கில் 2 ரூபாய் 85 காசு. ஆக உயர்ந்த 11.80 அடுக்கில்கூட 3 ரூபாய் 93 காசுதான். கேஸ் கீசரின் 6 ரூபாய் 25 காசோடு வைத்துப் பாருங்கள்: எந்த அடுக்கில் நின்றாலும் கருவியை ஓட்டும் செலவில் ஹீட் பம்ப் கேஸைவிட மலிவு. சாதாரண எலெக்ட்ரிக் கீசரோ 4.80 அடுக்கில் மட்டுமே கேஸைத் தெளிவாக வெல்கிறது, 6.45-இல் இரண்டும் ஏறக்குறையச் சமம். அதற்கு மேல் கேஸ் மலிவு. மூன்றையும் ஒரே வரிசையில் வைக்காமல் மின்சாரம் எப்போதும் விலை அதிகம் என்றோ, கேஸ் எப்போதும் வீண் என்றோ பேசுவதில் பொருளில்லை.

நான்காம் படி: எவ்வளவு வெந்நீர் என்பதை அளந்து பார்த்தல்

யூனிட் விலையில் யார் வென்றார் என்பதைவிட முக்கியமான கேள்வி, ஆண்டுக்கு உங்களுக்கு எத்தனை யூனிட் வெப்பம் வேண்டும் என்பது. விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கணக்கு எளிது: லிட்டர் அளவை, உயர்த்த வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் காலையில் ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர், குளிக்கப் பதமான 40 டிகிரியில் ஊற்றிக்கொள்கிறார்கள்; குழாய் நீர் 25 டிகிரியில் வருகிறது. 20-ஐ 15-ஆல் பெருக்கி 860-ஆல் வகுத்தால் ஆளுக்கு 0.35 யூனிட், நால்வருக்கு 1.4 யூனிட். வேலூரில் வெந்நீர் தேவைப்படுவது கார்த்திகை தொடங்கி மாசி வரை, நான்கு மாதம். பங்குனிக்குப் பின் மொட்டை மாடித் தொட்டியில் மதியம் கொதிக்கும் தண்ணீரை ஆற வைப்பதுதான் வேலை. ஆக 120 நாளுக்கு 168 யூனிட் வெப்பம். கேஸ் கீசரில் அதற்கு 1,050 ரூபாய், 6.45 அடுக்கில் எலெக்ட்ரிக் கீசரில் 1,084 ரூபாய், ஹீட் பம்பில் 361 ரூபாய். ஹீட் பம்ப் மூன்றில் ஒரு பங்குதான், சந்தேகமில்லை. ஆனால் ஆண்டுக்கு மிஞ்சுவது 700 ரூபாய் அளவு. எலெக்ட்ரிக் கீசரைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவியை 700 ரூபாய்க்காக வாங்குவது வீண் வேலை. இத்தகைய வீட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் உள்ள சிறிய கீசரே போதும் என்பது என் கருத்து.

கூட்டுக் குடும்பமாக இருந்து, முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஆண்டில் பெரும்பகுதி வெந்நீர் வேண்டியிருந்து, ஷவரும் இருந்தால் கணக்கு தலைகீழாகும். நாளுக்கு 300 லிட்டர், 20 டிகிரி உயர்வு என்றால் 7 யூனிட். 300 நாளுக்கு 2,100 யூனிட். கேஸில் அது ஆண்டுக்குப் பதினான்கு, பதினைந்து சிலிண்டர். பணமாக 13,125 ரூபாய். 8.55 அடுக்கில் எலெக்ட்ரிக் கீசருக்கு ஏறத்தாழ 18,000 ரூபாய். ஹீட் பம்புக்கு 700 யூனிட், அதாவது 6,000 ரூபாய். ஹீட் பம்ப் வாங்கக் கூடுதலாகும் தொகை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எலெக்ட்ரிக் கீசரோடு ஒப்பிடும்போது ஏழரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும். கேஸோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். உப்புத் தண்ணீரில் பன்னிரண்டு ஆண்டு உழைக்கும் கருவியை நம்பி இறங்குவது துணிச்சல்தான். எனினும் அந்த வீட்டில் எலெக்ட்ரிக் கீசர் இரண்டு மாத ரீடிங்கில் 420 யூனிட்டைக் கூட்டும், ஹீட் பம்ப் 140 யூனிட்டை மட்டுமே கூட்டும் என்பதால், அடுக்கு தாண்டாமல் இருப்பதில் கிடைக்கும் மிச்சத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லாட்ஜ், மாணவர் விடுதி, திருமண மண்டபம்

ஹீட் பம்ப் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இதுதான். நாளுக்கு 2,000 லிட்டர் வெந்நீர் செலவாகும் லாட்ஜ் ஒன்றில் 25 டிகிரி உயர்வுக்கு 58 யூனிட் வெப்பம் வேண்டும். 19 கிலோ சிலிண்டரில் அது நாளுக்கு 571 ரூபாய். வணிக மின்சாரம் ஒரு யூனிட் 10 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொண்டால் அறைக்கு அறை மாட்டிய கீசர்களில் 609 ரூபாய். ஹீட் பம்பில் 203 ரூபாய். கேஸிலிருந்து மாறுபவருக்கு நாளுக்கு 368 ரூபாய், ஆண்டுக்கு 1 லட்சத்து 34 ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. கருவியும் தொட்டியும் குழாய் வேலையும் சேர்த்து 5 லட்சம் ஆனாலும் நான்கு ஆண்டுக்குள் கணக்கு நேராகிவிடும்.

மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையிலும் ஒரு மிச்சம் உண்டு. இருபது அறையில் இருபது கீசரும் காலை ஆறு மணிக்கு ஒன்றாக ஓடினால் ஒவ்வொன்றும் 2 கிலோவாட் வீதம் 40 கிலோவாட் வேண்டும். அதே வேலையை 4 கிலோவாட் இழுக்கும் ஒரு ஹீட் பம்ப் முந்தைய நாள் மதியம் ஐந்து மணி நேரத்தில் முடித்துத் தொட்டியில் நிரப்பி வைத்துவிடும். சுமைக்கு ஏற்ற நிலைக் கட்டணம் மாதந்தோறும் வருவது. அதில் குறைவதும் கணக்கில் சேர வேண்டியதே.

விடுதிகளில் மிச்சத்தை விழுங்குவது பெரும்பாலும் குழாய்தான். 25 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர் நீரைப் பிடிக்கும். மொட்டை மாடியிலிருந்து தரைத்தளக் கடைசி அறைக்கு 40 மீட்டர் ஓடினால், வெந்நீர் வருவதற்கு முன்பு 20 லிட்டர், ஒரு முழு பக்கெட், ஆறிய தண்ணீராகச் சாக்கடைக்குப் போகும். குளித்து முடித்ததும் இன்னொரு பக்கெட் வெந்நீர் குழாயிலேயே ஆறும். தண்ணீரை லாரிக்குக் காசு கொடுத்து வாங்கும் கட்டடத்தில் இது இரட்டை நட்டம். குழாய்க்குக் காப்புறை போடாமல் ஹீட் பம்ப் மாட்டுவதைவிட, காப்புறையை மட்டும் முதலில் போட்டுவிட்டு ஓராண்டு பார்ப்பது மேல்.

சூரிய வெந்நீர்க் கலன் ஏற்கெனவே மாடியில் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். வேலூர் வெயிலில் அது பெரும்பாலான நாள்களில் செலவில்லாமல் வேலையை முடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கைவிடும். அந்த நாள்களுக்கு மட்டும் துணையாக ஹீட் பம்பைச் சேர்ப்பதானால் சிறிய கருவியே போதும். கூரையில் சூரிய மின் தகடு போடுபவர்களுக்கு வேறு வாய்ப்பு உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. தகடு மின்சாரம் தரும் மதிய நேரத்திலேயே ஹீட் பம்பை ஓடவிட்டால் வெந்நீருக்கு மின்வாரியத்திடமிருந்து வாங்குவது மிகச் சொற்பமாகிவிடும்.

ஏலகிரியும் இங்கிலாந்தும்

பழைய வட ஆற்காட்டின் மேற்கு மூலையில், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஏலகிரி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விடுதி நடத்துபவர்கள் குளிர்காலக் கணக்குக்கு 3 என்பதற்குப் பதில் 2.7 என்று வைத்துக்கொள்ளலாம்; குழாய் நீரும் குளிர்ந்து வருவதால் உயர்த்த வேண்டிய டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அறையைச் சூடாக்கவும் தேவையிருந்தால், சூடும் குளிரும் இரண்டும் தரும் ஏ.சி. என்று விற்கப்படுவதும் ஒரு ஹீட் பம்ப்தான். கம்பிச் சுருள் ஹீட்டரைவிட அதற்கு மின்சாரம் மிகக் குறைவு.

செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து போன பிள்ளைகள் வேலூரில் நிறைய வீடுகளில் உண்டு. அங்கே வீடு வாங்கியவர்கள் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடலாமா என்று தொலைபேசியில் கேட்கும்போது, நம் ஊர்க் கணக்கை வைத்து ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே எரிவாயு குழாயில் வருகிறது, விலையும் யூனிட்டிலேயே இருக்கிறது. 2025-இன் பிற்பாதியில், அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு விதித்த விலை வரம்பின்படி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 26 பென்ஸ், எரிவாயு 6.3 பென்ஸ், அதாவது மின்சாரம் நான்கு மடங்குக்குச் சற்று மேல். நல்ல பாய்லரில் 88 சதவீதம் வெப்பம் கிடைத்தால் ஒரு யூனிட் 7.2 பென்ஸுக்கு வரும். ஹீட் பம்ப் ஆண்டுச் சராசரியாக 3 மடங்கு தந்தால் 8.7 பென்ஸ், தோல்வி, 3.6 மடங்கு தந்தால் சமம். 4 மடங்கு தந்தால் 6.5 பென்ஸ், சிறு வெற்றி. ஆகவே அந்த ஊரில் எல்லாம் பொருத்துபவரின் கைத்திறனிலும், ரேடியேட்டருக்குப் போகும் நீர் 45 டிகிரிக்குள் நிற்கிறதா, 60-க்குப் போகிறதா என்பதிலும் இருக்கிறது. கேஸ் இணைப்பையே முழுதாகத் துண்டித்துவிட்டால் நாளுக்கு 30 பென்ஸை ஒட்டிய நிலைக் கட்டணம் மிஞ்சும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு தரும் 7,500 பவுண்டு மானியமும் உண்டு. அங்கே வீட்டைச் சூடாக்க ஆண்டுக்குப் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல் வேண்டியிருப்பதால் யூனிட்டுக்கு ஒரு பென்ஸ் வித்தியாசமே நூறு பவுண்டைத் தாண்டிவிடும். இங்கே யூனிட்டுக்கு நான்கு ரூபாய் வித்தியாசம் இருந்தும், சிறு குடும்பத்துக்கு அது சில நூறு ரூபாயோடு நின்றுவிடுகிறது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கருவி எந்தக் காற்று வெப்பம் வரை ஓடும் என்று முதலில் கேளுங்கள். பல கருவிகளுக்கு மேல் வரம்பு 43 டிகிரி. அக்கினி நட்சத்திர நாளில் வேலூர் மொட்டை மாடியின் சிமெண்டுத் தரைக்கு மேலே நிற்கும் காற்று அதை எளிதில் தாண்டும். கருவி தானாக நின்றுவிடும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைப்பது அவசியம். அதற்காக நாலு பக்கமும் தகரம் அடித்து மூடிவிடக் கூடாது. கருவி தான் வெளிவிடும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுக்கத் தொடங்கும், சி.ஓ.பி. விழும். மேலே மட்டும் ஒரு கூரை போதும். அடியில் சொட்டும் நீருக்கு வடிகாலும், பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலிலிருந்து சிறிது தூரமும் விட்டால் சச்சரவு இராது.

இரண்டாவதாக, தொட்டிக்குள் துணைக் கம்பிச் சுருள் இருக்கிறதா, அதைத் தனியாக அணைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் அது உண்டு. பொருத்த வந்தவர் அதை எப்போதும் ஓடும்படி விட்டுப் போய்விட்டால், நீங்கள் வாங்கியது ஹீட் பம்ப் விலையில் ஓர் எலெக்ட்ரிக் கீசர். செலவு குறையவே இல்லை என்று புகார் சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த சுவிட்ச்தான்.

நீரை 50 முதல் 55 டிகிரிக்குள் வைப்பது போதும். ஆனால் பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நாள்கணக்கில் நின்றால் கிருமி வளரும்; நோயாளிகள் தங்கும் விடுதியில் இது விளையாட்டல்ல. வாரத்துக்கு ஒருமுறையாவது 60 டிகிரிக்கு மேல் ஏற்றும் அமைப்பு இருக்க வேண்டும். அந்த ஒரு வேளைக்குத் துணைச் சுருள் ஓடினால் தவறில்லை.

கேஸ் கீசரிலேயே தொடர்வது என்று முடிவெடுத்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்: கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மூடிய குளியலறையில் எரியும் கேஸ் உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மயங்கிய பின்தான் தெரியும். மற்றபடி கேஸ் கீசருக்கு உரிய பெருமைகளை மறுப்பதற்கில்லை. மின்வெட்டில் அது நிற்காது. தேவைப்படும்போது மட்டும் எரிவதால் தொட்டியில் ஆறி வீணாகும் சூடும் இல்லை.

பொருத்திய பின் சரிபார்த்தல்

சொன்ன மிச்சம் உண்மையில் வருகிறதா என்பதை நீங்களே அளக்கலாம். காலையில் எல்லோரும் குளித்து முடித்த பின், வேறெந்தச் சாதனமும் ஓடாத நேரமாகப் பார்த்து, தொட்டியில் புதுத் தண்ணீர் நிரம்பியதும் அதன் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ரீடிங்கையும் எழுதுங்கள். இடையில் யாரும் வெந்நீர்க் குழாயைத் திறக்காதபடி பார்த்துக்கொண்டு, கருவி தானாக நிற்கும்வரை விடுங்கள். 200 லிட்டர் தொட்டி 27 டிகிரியிலிருந்து 52-க்கு ஏறியிருந்தால் நீரில் சேர்ந்தது 5.8 யூனிட். மீட்டரில் கூடியது 1.8 யூனிட் என்றால் 3.2 மடங்கு, நல்ல வேலை. 3 யூனிட் கூடியிருந்தால் இரண்டு மடங்குகூட இல்லை. துணைச் சுருள் ஓடுகிறது, அல்லது கருவிக்குள் சுற்றி வெப்பத்தைக் கடத்தும் குளிர்வாயு கசிந்திருக்கிறது.

அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதவர்கள் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருந்து, ஹீட் பம்ப் மட்டும் ஓடும்போது ஒரு நிமிடத்தில் 64 முறை சிமிட்டினால், 64-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுக்க, கருவி இழுப்பது 1.2 கிலோவாட். பெட்டியில் எழுதியிருப்பதைவிட 1.5 அல்லது 2 கிலோவாட் அதிகமாக வந்தால் துணைச் சுருள் சேர்ந்து ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஓடும் நேரத்தை மதியம் ஒன்று முதல் நான்கு மணிக்கு டைமரில் வையுங்கள். விடியற்காலைக் காற்றைவிட அப்போதைய காற்று பத்துப் பதினைந்து டிகிரி சூடாக இருப்பதால் அதே தொட்டிக்குக் குறைந்த மின்சாரம் போதும். கோடையில் மட்டும் இந்த நேரத்தைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொள்வது கருவிக்கு நல்லது.

கடைசியாக, தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவிலும் குளியலறைக்குப் பெரும்பாலும் போர் தண்ணீரே ஏறுகிறது. பாலாற்றுப் படுகையை ஒட்டிய ஆழ்குழாய்களில் பல இடங்களில் உப்பு மிகுதி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நிலத்தடி நீரைப் பற்றிய வழக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்ததை இங்குள்ளவர்கள் அறிவார்கள். வெந்நீர்ச் சுருளில் உப்பு வெள்ளைப் படலமாக ஒட்டும்போது வெப்பம் நீருக்குப் போவது குறைகிறது. கருவி அதிக நேரம் ஓடுகிறது. மூன்று மடங்கு என்று தொடங்கியது இரண்டரைக்கு இறங்குகிறது. மேலே சொன்ன மீட்டர் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகை தொடங்கும்போது செய்து பழைய எண்ணோடு ஒப்பிட்டால் உப்பைக் கழுவ வேண்டிய நேரம் தெரிந்துவிடும். தொட்டிக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியத் தண்டு உப்புத் தண்ணீரில் விரைவாகக் கரையும். அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றுத் தண்டு வேலூரிலேயே கிடைக்குமா, போர் தண்ணீருக்கும் உத்தரவாதம் செல்லுமா என்ற மூன்றையும் விலைப்பட்டியலிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிய பின் முன்பணம் கொடுங்கள்.